பலர் கூடி வளர்க்கும் நூலகம்

(நமது சங்கத்தின் ஆண்டு விழாவில் ஓய்வு பெற்ற கல்லூரி நூலகர் ஒருவர் ஆற்றிய உரை)

 

ஆண்டு விழா என்றால் ஆடலும் பாடலும் நாடகமும் நடைபெறுவது வழக்கம். அவற்றைக் காணும் ஆவலோடு வந்திருக்கும் உங்கள் முன் நூலகத்தைப் பற்றிப் பேசுமாறு என்னை நிறுத்தியிருக்கிறார் நம் செயலாளர். அவருடைய துணிவுக்கு நன்றி கூறுவதா, உங்கள் பொறுமைக்கு நன்றி கூறுவதா என்று தெரியவில்லை. முப்பது ஆண்டுகளுக்கு மேலாகத் தலைநகரில் ஒரு கல்லூரி நூலகத்தில் பணிபுரிந்து ஓய்வு பெற்றவள் நான். நூல்களை அடுக்கத் தெரியும். சொற்களை அடுக்கத் தெரியாது. ஆகவே, கண்டதையும் செய்து பார்த்ததையும் மட்டும் கூறி அமைகிறேன்.

கைநழுவிய நூல்கள்

சில ஆண்டுகளுக்கு முன் நம் காலனியில் தமிழறிந்த பெரியவர் ஒருவர் காலமானார். அரசாங்கப் பணிக்காக இளம் வயதில் தில்லிக்கு வந்தவர். ஒவ்வொரு கோடை விடுமுறைக்கும் ஊருக்குச் சென்று திரும்புகையில், மற்றவர்கள் அப்பளமும் வடகமும் கொண்டுவர, அவர் ஒரு பெட்டி நிறையப் புத்தகம் கொண்டுவருவார். அவர் மறைந்தபின் வீட்டைக் காலி செய்ய வேண்டி வந்தது. மகளோ வெளிநாட்டிலிருந்து பத்து நாள் விடுப்பில் வந்திருந்தார். எட்டாம் நாள் கபாடிக்காரர் வந்தார். தராசில் ஏறியவை அனைத்தும் தமிழ் நூல்கள்.

அடுத்த மாதமே ஆராய்ச்சி மாணவர் ஒருவர் என்னிடம் வந்து ஒரு பழைய நூலைக் கேட்டார். எங்கெங்கோ தேடிக் கிடைக்கவில்லை என்றார். அந்நூலை அப்பெரியவர் வீட்டு அலமாரியில் என் கண்ணாலேயே கண்டிருக்கிறேன். இரண்டு தெரு தள்ளியிருந்த நூல் அது.

இதில் அந்தப் பெண்மணியைக் குறை கூற நான் ஒருப்படேன். அந்த நூல்களை யாரேனும் விரும்புவர் என்று அவருக்கு எவர் சொன்னார்? நூலகத்தையே தொழிலாகக் கொண்டிருந்த நான் சொன்னேனா? குற்றம் என்னுடையது. நம்மிடையே என்னென்ன நூல்கள் உள்ளன என்று நமக்கே தெரியாதிருந்தது. சங்கத்தில் மூன்று இரும்பு அலமாரிகள் இருந்தன. அவற்றிற்கு ஒரு பேரேடு இருந்தது. அந்தப் பேரேடு ஒருவர் வீட்டில் இருந்தது. வீடுகளில் இருந்த நூல்களுக்கோ அதுவும் இல்லை. அன்று ஏற்பட்ட உறுத்தலே என்னை இணையவழிக் கூட்டுக் கருவிகளைப் பற்றி அறியத் தூண்டியது.

முன்னோர் காட்டிய வழி

கூட்டாக வேலை செய்வது நூலகங்களுக்குப் புதிதன்று. சீர்காழியில் 1892இல் பிறந்து, கணித ஆசிரியராக இருந்து, 1924இல் சென்னைப் பல்கலைக்கழக நூலகராகப் பொறுப்பேற்றவர் சீர்காழி இராமாமிர்த ரங்கநாதன். நூலக அறிவியலுக்கு ஐந்து விதிகளை வகுத்து 1931இல் அவர் நூலாக வெளியிட்டார். படிப்பவர் ஒவ்வொருவர்க்கும் அவர்க்குரிய நூல் கிடைக்க வேண்டும். நூல் ஒவ்வொன்றுக்கும் அதற்குரிய வாசகர் கிடைக்க வேண்டும் என்பன அவற்றுள் இரண்டின் கருத்து. அதே 1931இல் மன்னார்குடியில் மாட்டு வண்டியில் நூல்களை ஏற்றிக் கிராமங்களுக்குக் கொண்டுசென்றார்கள். வாசகர் வர இயலாவிடில் நூலகம் செல்ல வேண்டும் என்பது அதன் பொருள். 1947 முதல் 1954 வரை ரங்கநாதன் தில்லிப் பல்கலைக்கழகத்தில் பணியாற்றினார். நாம் வாழும் இந்நகருக்கும் அவருக்கும் உள்ள உறவை நம் குழந்தைகளுக்குச் சொல்லி வைப்பது நல்லது.

ஒரே நூலை நூறு நூலகங்கள் வாங்குமாயின், நூறு நூலகர்கள் தனித்தனியே அதற்கு விவரக் குறிப்பு எழுத வேண்டுமா? ஒருவர் எழுதியதை மற்றவர் எடுத்துக்கொள்ளலாமே! இந்த எண்ணத்தில்தான் அமெரிக்கக் காங்கிரஸ் நூலகம் தான் அச்சிட்ட பட்டியல் அட்டைகளை 1901 முதல் பிற நூலகங்களுக்கும் வழங்கியது. ஒஹாயோ மாநிலக் கல்லூரிகள் 1967இல் ஓர் அமைப்பாகச் சேர்ந்து, 1971இல் கணினி வழியே ஒரே பட்டியலைப் பகிரத் தொடங்கின. நம் தில்லியிலும் 1988இல் டெல்நெட் என்னும் நூலக வலையம் தோன்றியது. எந்த நூல் எந்த நூலகத்தில் உள்ளதென்று காட்டும் கூட்டுப் பட்டியலும், ஒரு நூலகத்தின் நூலை மற்றொன்று இரவல் பெறும் ஏற்பாடும் அதன் பணிகள்.

ஆனால் இவையெல்லாம் நிறுவனங்களுக்கிடையே நடைபெற்ற கூட்டுறவு. சம்பளம் பெறும் நூலகர்களும் கணினிகளும் உள்ள இடங்களுக்கு அவை பொருந்தின. மூன்று அலமாரிகளும் ஒரு பேரேடும் கொண்ட சங்கத்திற்கு யார் துணை? இணையம் வந்தபின்னரே இவ்வினாவுக்கு விடை கிடைத்தது.

நாங்கள் செய்து பார்த்தது

முதலில் மிக எளிய கருவியையே எடுத்துக்கொண்டோம். பலர் ஒரே நேரத்தில் திறந்து எழுதக்கூடிய இணைய விரிதாள் அது. நூற்பெயர், ஆசிரியர், பதிப்பகம், ஆண்டு, இருக்குமிடம் எனப் பத்திகள் அமைத்தோம். அவரவர் வீட்டு நூல்களை அவரவர் கைப்பேசியிலிருந்தே பதியலாம் என்று அறிவித்தோம்.

சங்க நூலகத்தைப் பல்லாண்டு காலம் தம் கையெழுத்தாலேயே காத்துவந்த பெரியவருக்கு இது பிடிக்கவில்லை. “அம்மா, பேரேட்டை நடுத்தெருவில் விரித்துவைத்து, போவோர் வருவோரெல்லாம் எழுதுங்கள் என்கிறீர்களே! ஒருவர் எழுதியதை இன்னொருவர் அழித்தால் யாரைப் போய்க் கேட்பது?” என்றார். நான் ஏதோ சமாதானம் சொன்னேன். இரண்டே வாரத்தில் அவர் சொன்னது பலித்தது! ஆர்வமிக்க இளைஞர் ஒருவர் நூற்பெயர்ப் பத்தியை மட்டும் தனியே அகரவரிசைப்படுத்திவிட்டார். பெயர்கள் இடம் மாறின; ஆசிரியர்கள் இருந்த இடத்திலேயே இருந்தார்கள். சமையற் குறிப்பு நூல் சைவ சித்தாந்த அறிஞர் பெயரிலும், சாத்திர நூல் நகைச்சுவை எழுத்தாளர் பெயரிலும் நின்றன.

அன்றிரவு எனக்குத் தூக்கமில்லை. மறுநாள் காலையில்தான் அக்கருவியின் தலையாய சிறப்பை அறிந்தேன். யார், எந்நாளில், எந்நேரத்தில், எதை மாற்றினார் என்னும் வரலாறு முழுவதும் அதனுள் பதிவாகியிருந்தது. பிழை நேர்வதற்கு முன்னிருந்த நிலையை ஒரு கட்டளையால் மீட்டோம். நம் பழம்பதிப்பாசிரியர்கள் பல ஏட்டுச் சுவடிகளை ஒப்புநோக்கி, கொண்ட பாடத்தோடு வேறு பாடங்களையும் குறித்து வைத்தார்கள் அல்லவா? ஏறத்தாழ அதே ஒழுக்கம் இது. பழையது மறைவதில்லை, மாற்றியவர் பெயரும் மறைவதில்லை. பெரியவரின் கேள்விக்கு இதுவே விடை.

அடுத்த இடர் பெயர்களால் வந்தது. ஒருவர் ‘புதுமைப்பித்தன்’ என்று எழுதினார், மற்றொருவர் ‘சொ. விருத்தாசலம்’ என்று எழுதினார். ‘சாமிநாதையர்’, ‘சாமிநாத ஐயர்’, ‘உ. வே. சா.’ எனத் தமிழ்த் தாத்தா மூவராகப் பிரிந்தார். முதலெழுத்தும் புனைபெயரும் கொண்ட நம் மரபில் இது இயல்பே. ஆயினும் தேடுபவர் ஒரு பெயரைத் தேடினால் மற்ற பெயரில் உள்ள நூல்கள் கிடைக்கமாட்டா. இதற்கு விக்கித்தரவு என்னும் பொதுத் தரவுத்தளம் உதவியது. அதில் ஒவ்வொருவர்க்கும் ஓர் எண் உண்டு. பெயர் எத்தனை வடிவம் கொண்டாலும், எத்தனை மொழியில் எழுதப்பட்டாலும் எண் ஒன்றே. அந்த எண்ணுக்கு ஒரு பத்தி சேர்த்தோம். பிரிந்த மூவரும் ஒருவரானார்கள்.

அகரவரிசையிலும் ஒரு சிக்கல் உண்டு. எழுத்துகளைக் குறியீட்டெண் வரிசைப்படி மட்டும் அடுக்கும் கருவிகளில், நகரத்தை அடுத்து னகரம் வந்து நிற்கும். நம் அகராதி மரபிலோ அது மெய்யெழுத்துகளின் இறுதியில் வருவது. ஆகவே கருவி அடுக்கித் தந்ததை அப்படியே நம்பாமல் சரிபார்க்கக் கற்றோம்.

பட்டியல் வளர்ந்தபின், ‘கோஹா’ என்னும் நூலக மென்பொருளைச் சோதனையாக நிறுவிப் பார்த்தோம். நியூசிலாந்து நாட்டின் ஹோரோவெனுவா என்னும் சிறு வட்டாரத்து நூலகத்திற்காக 1999இல் உருவாக்கப்பட்டு, 2000 தொடக்கத்தில் பயனுக்கு வந்தது அது. பழைய மென்பொருள் 2000ஆம் ஆண்டைத் தாங்காது என்ற நெருக்கடியில் பிறந்த கருவியை, அவர்கள் உலகத்தார் அனைவரும் விலையின்றி எடுத்தாளவும் திருத்தவும் விட்டுவிட்டார்கள். மாவோரி மொழியில் கோஹா என்றால் கொடை என்று பொருள். நூல் சேர்த்தல், இரவல் வழங்கல், பிற நூலகங்களின் குறிப்புகளைப் பெறுதல் ஆகிய எல்லாம் அதில் உண்டு. இருப்பினும் அதைப் பராமரிக்கக் கணினி அறிந்த ஒருவர் நிலையாக வேண்டும். நம் அளவுக்கு இப்போது விரிதாளே போதும் என்று முடிவு செய்தோம். பெரிய கருவியே நல்ல கருவி என்பதன்று. நம்மால் காக்க இயல்வதே நமக்கு நல்ல கருவி.

பட்டியலில் இல்லாத நூல்

பிற நூலகத்தார் எழுதிய குறிப்பை எடுத்துக்கொள்ளலாம் என்றேன். புதிய நூல்களுக்குச் சர்வதேசத் தர நூல் எண் உண்டு. அதை இட்டவுடன் விவரம் வந்துவிடும். ஆனால் அந்த எண்முறையே 1970ஐ ஒட்டித்தான் உலகில் நிலைபெற்றது. அதற்கு முன் அச்சான நம் நூல்களுக்கு எண் இல்லை. அவற்றினும் அரியவை சில நம் வீடுகளில் உண்டு. வார இதழில் வந்த தொடர்கதையை வாரந்தோறும் கிழித்துச் சேர்த்து, தைத்து, கெட்டி அட்டையிட்டுக் கட்டடம் செய்து வைத்திருப்பார்களே, அவைதாம். அவற்றிற்கு முகப்புத் தாள் இல்லை, பதிப்பாண்டு இல்லை, உலகில் எந்த நூலகப் பட்டியலிலும் அவை இல்லை. ஆனால் ஓவியத்தோடும் அக்கால விளம்பரத்தோடும் அக்கதை முதலில் எப்படி வெளிவந்ததோ அப்படியே அவற்றில்தான் இருக்கிறது.

அத்தகைய தொகுதி ஒன்றை எட்டாம் வகுப்பு மாணவி ஒருத்தி பதிந்தாள். பக்கத்தின் அடியில் ‘கல்கி’ என்று கண்டு, ஆசிரியர் என்ற இடத்தில் ‘கல்கி’ என்றே எழுதிவிட்டாள். நாங்கள் எவரும் கவனிக்கவில்லை. ஒருநாள் மாலை நம் பழைய நூலகப் பெரியவர் பேத்தியின் கைப்பேசியில் பட்டியலைப் பார்த்துக்கொண்டிருந்தார். திடீரென்று, “இது தவறு. இங்கே கல்கி என்பது பத்திரிகையின் பெயர், கதையை எழுதியவர் வேறு” என்றார். தாமே அத்தொடரை வாரம் தவறாமல் படித்தவர் அவர். “அப்படியானால் நீங்களே திருத்துங்கள், தாத்தா” என்று பேத்தி கைப்பேசியை நீட்டினாள். நடுத்தெருவில் பேரேட்டை விரிப்பதா என்று கேட்டவர், அன்று முதன்முறையாக அப்பேரேட்டில் எழுதினார். திருத்தத்தின் வரலாற்றில் அவர் பெயர் இன்றும் இருக்கிறது.

அந்த மாலையில் நான் ஒன்றை உணர்ந்தேன். கருவியை இயக்க இளையோர் விரல் வேண்டும். எதை எழுதுவது என்று சொல்ல முதியோர் நினைவு வேண்டும். இரண்டில் ஒன்று இல்லாவிடினும் நூலகம் இல்லை.

விக்கிமூலம் என்னும் இணைய நூலகத்தில் இது இன்னும் தெளிவாக விளங்கும். 1998 பொங்கலன்று தொடங்கிய மதுரைத் திட்டத்தில் உலகெங்குமுள்ள தமிழன்பர்கள் பழந்தமிழ் நூல்களைத் தட்டச்சிட்டுத் தந்தார்கள். விக்கிமூலத்தில் நூலின் பக்கப் படம் ஒருபுறமும் எழுத்து வடிவம் மறுபுறமும் நிற்கும். கணினி படத்தைப் பார்த்து எழுத்தாக்கித் தருகிறது. ஆனால் ரகரத்தையும் துணைக்காலையும் மயங்கிக்கொள்ளும். மெய்ப்புப் பார்க்காத பக்கம் சிவப்பு. ஒருவர் பார்த்தால் மஞ்சள். வேறொருவர் மீண்டும் சரிபார்த்தால்தான் பச்சை. ஒருவரே இரண்டையும் செய்ய விதி இடம் தருவதில்லை. எத்துணை அழகிய ஏற்பாடு!

இங்கே நம் முதியோர்க்கு ஒரு தனிப்பெருமை உண்டு. 1978இல் தமிழ்நாட்டரசு எழுத்துச் சீர்திருத்தத்தை ஏற்றது. அதற்கு முன் ணை, லை, ளை, னை ஆகியவை யானைத் துதிக்கை போன்ற கொம்புடனும், ணா, றா, னா முதலியன சுழித்த தனி வடிவுடனும் அச்சாயின. மொத்தம் பதின்மூன்று எழுத்துகள். இன்றைய பிள்ளைகள் பழைய நூலைத் திறந்ததும் அவ்வெழுத்துகளில் தடுக்கி நிற்கிறார்கள். தாத்தாவும் பாட்டியும் தடையின்றிப் படிக்கிறார்கள். பாட்டி படிக்க, பேரன் தட்டச்சிட, ஒரு பக்கம் சிவப்பிலிருந்து மஞ்சளாகிறது. அந்த ஒரு மணி நேரத்தில் அப்பிள்ளை கற்கும் தமிழ் எந்த வகுப்பிலும் கிடைக்குமோ? தமிழ் பேசத் தெரியும், படிக்கத் தெரியாது என்று நம் பிள்ளைகளைப் பற்றி வருந்துகிறோமே, அவ்வருத்தத்திற்கு இது ஒரு மருந்து.

சில எச்சரிக்கைகள்

நன்மையை மட்டும் கூறுவது நேர்மையன்று. இணையத்தில் இலவசமாகக் கிடைக்கும் எந்தச் சேவையும் என்றென்றும் நிலைக்கும் என்று எண்ணற்க. ஆகவே மாதம் ஒருமுறை பட்டியலைப் படியெடுத்து மூவர் வீட்டில் வைக்கிறோம். ஆண்டுக்கொரு முறை தாளிலும் அச்சிடுகிறோம். பெரியவரின் பேரேடும் அலமாரியிலேயே இருக்கிறது. ஓரிடத்தில் மட்டும் இருப்பது ஓரிரவில் அழியக்கூடும். 1981இல் யாழ்ப்பாணப் பொது நூலகம் எரிந்த துயரத்தைத் தமிழுலகம் மறக்கவில்லை. ஈழத்து நூல்களை மின்வடிவில் காக்கும் நூலகம் திட்டம் 2005இல் தோன்றி, பலர் உழைப்பால் வளர்ந்திருப்பதை ஈண்டு நினைவுகூர்வது தகும்.

வீட்டு முகவரியையும் தொலைபேசி எண்ணையும் பொதுப் பட்டியலில் எழுதலாகாது. எந்த வீட்டில் நூல் உள்ளது என்பதற்குக் குறியெண் மட்டும் இட்டு, அதன் விளக்கத்தைச் சங்கத்தில் வைத்திருக்கிறோம். யார் எந்நூலை இரவல் பெற்றார் என்பதும் பிறர் அறிய வேண்டாதது. மேலும், நூலைப் பட்டியலிடுவது வேறு. படமெடுத்து இணையத்தில் ஏற்றுவது வேறு. நம் நாட்டுச் சட்டப்படி ஆசிரியர் மறைந்து அறுபது ஆண்டுகள் வரை பதிப்புரிமை நீடிக்கிறது. நாட்டுடைமையாக்கப்பட்டவையும் உரிமைக்காலம் கடந்தவையும் தவிர, பிறவற்றை ஏற்றுவது எழுதியவர்க்கு நாம் இழைக்கும் தீங்காகும்.

என் வேண்டுகோள்

அன்பர்களே! உங்களிடம் நன்கொடை கேட்டு நான் வரவில்லை. மூன்று சிறு உதவிகளையே வேண்டுகிறேன்.

முதலாவது, இன்று வீடு திரும்பியதும் உங்கள் அலமாரியைத் திறந்து, உள்ள தமிழ் நூல்களைப் பத்துப் பத்தாகப் பட்டியலில் பதியுங்கள். நூலைத் தர வேண்டா. அது இருக்கிறது என்று சொன்னால் போதும்.

இரண்டாவது, ஞாயிறு காலையில் இரண்டு மணி நேரம் சங்க அறைக்கு வாருங்கள். தனியே வராதீர்கள், முதியவர் ஒருவரும் இளையவர் ஒருவருமாக வாருங்கள். சொந்தப் பேரப்பிள்ளை தொலைவில் இருந்தால் அடுத்த வீட்டுப் பிள்ளையை அழைத்து வாருங்கள்.

மூன்றாவது, இல்லத்தைக் காலி செய்ய நேரும்போது, கபாடிக்காரரை அழைக்கும் முன் சங்கத்தை ஒருமுறை அழையுங்கள்.

நான் முதலில் சொன்ன பெரியவரின் நூல்கள் இனித் திரும்பி வரப்போவதில்லை. அவற்றுள் எவையெவை இருந்தன என்று சொல்லக்கூட நம்மிடம் ஒரு வரி இல்லை. அந்த வெறுமை நம் காலனியில் இன்னொரு வீட்டில் நேரக்கூடாது என்பதே என் ஆசை. கருவிகள் நாளை மாறும். விரிதாள் போய் வேறொன்று வரும். ஒருவர் எழுதியதை மற்றவர் மதித்துத் திருத்தி, தம் பெயரை அதனருகே இட்டுப் பொறுப்பேற்கும் பழக்கம் மட்டும் நம்மிடம் நிலைத்துவிட்டால், எந்தக் கருவியும் நமக்குப் பணி செய்யும்.

 ஞாயிற்றுக்கிழமை சங்க அறையில் உங்களுக்காகக் காத்திருப்பேன்.